புறாமலையைக் கொஞ்சக் காலத்துக்கு மூடினால் என்ன?

பதிவு 1 | உவர்மலையான்

நேரா விசயத்துக்கு வாறன். திருகோணமலை நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைத் தீவை ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருத்தரும் போகாமல் மூடினால் என்ன?

1963இல சரணாலயம், 2003இல தேசியப் பூங்கா. கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் எண்டு கேட்கப் பெரிசாத்தான் கிடக்கு. ஆனா சனம் போய் இறங்கிற தீவு கிட்டத்தட்ட 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம், அவ்வளவுதான். பள்ளிக்கூட விடுமுறையும் கடல் அமைதியும் ஒண்டா வாற ஆவணி மாசத்தில அந்தத் துண்டு நிலத்தில எத்தினை பேர் நிக்கினம் எண்டு போய்ப் பாருங்கோ. கரையோரம் தண்ணி இடுப்பளவு. நீந்தத் தெரியாத ஆள் லைஃப் ஜாக்கெட்டோட இறங்கி, களைச்ச உடனே காலை ஊண்டுறது முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேலதான். மான்கொம்பு மாதிரிக் கிளைக்கிற முருகை வருசத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் போல வளரும். உருண்டைக் கட்டியா வளர்ற சாதி ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். மிதிச்சு முறிக்க ஒரு செக்கன் போதும்.

தாய்லாந்தில மாயா குடாவை 2018 ஆனியில மூடினவங்கள். அதுக்கு முதல் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும் வந்து போன இடம். திறந்தது 2022 தையில. இடையில முருகை நட்டாங்கள், செட்டை நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்துது. எங்கட புறாமலையில திரியிறதும் அதே இனம்தான். அங்க ஏலுமெண்டால் இங்க ஏன் ஏலாது?

பதிவு 2 | நிலாவெளி வள்ளம்

தம்பி, மூடு மூடு எண்டு சொல்லுற ஆக்களில ஒருத்தராவது போட் ஓடிப் பிழைக்கிற ஆளா? அதை முதல்ல சொல்லுங்கோ.

வாடை பிறந்தால் கார்த்திகையில இருந்து மாசி மட்டும் கடல் தானாவே பூட்டிப்போடும். அந்த மாசங்களில ஆர் போறது? பிறகென்ன புதுசா ஒரு ஓய்வு?

பார் (கடலடி முருகைத் திட்டு) பழுதானதுக்குக் காலைக் குறை சொல்ல முதல் வெடியைச் சொல்லுங்கோ. டைனமைட் போட்ட இடத்தில மீன் மட்டும் சாகிறதில்லை, கல்லும் நொறுங்கும். நொறுங்கின கல்லு அலைக்கு அங்கயும் இங்கயும் உருண்டு கொண்டே கிடக்கும். உருளுற கல்லில புது முருகை ஒட்டி வளராது. வெடி போட்ட பார் வருசக்கணக்கா மொட்டையாக் கிடக்கிறது அதாலதான். அடுத்தது நங்கூரம். கட்டிறதுக்கு மிதவை போட்டுத் தந்தால் நாங்கள் ஏன் நங்கூரம் எறியிறம்? ரிக்கெட் காசில ஒரு பங்கை அதுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கோ.

சுறாவைப் பற்றி வாற ஆக்கள் எல்லாரும் கேக்கினம், அதையும் சொல்லி விடுறன். அது ஆளைக் கண்டால் விலத்திப் போற சாதி. நல்லா வளர்ந்ததே ஒரு ஆள் நீளம் வராது. மீனுக்குப் பாண் துண்டு போடுறதை விட்டால் அது உங்களுக்குக் கிட்டவும் வராது.

பதிவு 3 | கிண்ணியா நானா

மிதவைக்கு நானும் ஒரு கை.

பதிவு 4 | சாம்பல்தீவு ரீச்சர்

கால், வெடி, நங்கூரம் எண்டு எல்லாரும் தண்ணிக்குள்ளேயே நிக்கிறீங்கள். தண்ணிக்கு மேல இருக்கிற தீவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக் காணேல்லை.

வெப்ப வலயத் தீவுகளில உயிரினங்கள் அழிஞ்ச கதையை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்க வந்த மனிசர் அறிஞ்சு செய்ததை விட அவையோட கப்பல்ல ஒளிச்சு வந்தது செய்த அழிவுதான் கூட. குவாம் தீவுக்கு ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சரக்கோட சரக்கா ஒரு பழுப்பு நிற மரப்பாம்பு போய்ச் சேர்ந்தது. அந்த மாதிரிப் பாம்பைக் கண்டிராத பறவைகள், பயப்படவும் தெரியாது. சில பத்து வருசத்துக்குள்ள அந்தக் காட்டுக்குரிய பறவைகளில பெரும்பங்கு இல்லை. பூச்சி பிடிக்கக் குருவி இல்லாத காட்டில சிலந்தி வலை பக்கத்துத் தீவுகளை விடப் பல மடங்கு. கிறிஸ்மஸ் தீவில கோடிக்கணக்கான செந்நண்டுகளை வெளியில இருந்து வந்த ஒரு மஞ்சள் எறும்பு கொண்டுது.

(கிறிஸ்மஸ் தீவு, டியேகோ கார்சியா எண்டால் எங்கட சனத்துக்கு நண்டும் பறவையும் ஞாபகம் வராது, கம்பி வேலியும் அகதி முகாமும்தான் வரும். அது வேற கதை, இருந்தும் சொல்லாமல் போக மனமில்லை.)

டியேகோ கார்சியா இருக்கிற சாகோஸ் தீவுக்கூட்டத்துக்கே வருவம். மாலைதீவுக்குத் தெற்கால, அதே இந்து சமுத்திரம். பழைய காலத்துக் கப்பல்களோட சில தீவுக்கு எலி போச்சு, சில தீவுக்குப் போகேல்லை. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே மழை. எலி இருக்கு, இல்லை, அதுதான் முக்கிய வித்தியாசம். 2018இல வந்த ஆய்வு இந்த ரெண்டு வகைத் தீவையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தது. எலி இல்லாத தீவில கடற்பறவை நூற்றுக்கணக்கான மடங்கு கூட. அது எதிர்பார்க்கக் கூடியதுதான், எலி முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஆனா அந்தத் தீவைச் சுற்றி இருக்கிற பாரில மீனும் ஏறக்குறைய அரைவாசிப் பங்கு கூட! பறவை ஆழ்கடல்ல மேஞ்சு வந்து தீவில எச்சம் போடும், மழை அதைக் கரைச்சுப் பாருக்குக் கொண்டு போகும், பாசி வளரும், மீன் கொழுக்கும். எலி பறவையைத் தின்னத் தின்ன அந்தச் சங்கிலி அறுந்துபோச்சு. கரையில ஓடித் திரியிற ஒரு பிராணி தண்ணிக்குள்ள இருக்கிற மீனைக் குறைச்சுப் போட்டுது.

இப்ப என்ர கேள்வி: புறாமலையில எலி இருக்கா? பார்த்த ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களா?

பதிவு 5 | கடல் படிக்கிறவன்

ரீச்சர், சாகோஸ் கணக்கு சரி. ஆனா அதைத் தூக்கிக் கொண்டு வந்து நிலாவெளியில ஒட்டேலாது.

அங்க இருக்கிறது கடலில மேயிற பறவை. புறாமலைப் புறா கடலில ஒண்டும் பொறுக்காது, கரைக்கு வந்து வயலிலயும் வெளியிலயும் தானியம் தின்னும். அது தீவுக்குக் கொண்டு போற சத்து தரையில இருந்து போறது, அளவும் கொஞ்சம். எங்கட நாட்டில கடற்பறவைக் குடியிருப்பைப் பார்க்க வேணுமெண்டால் மன்னாருக்குப் போய் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளைப் பார்க்க வேணும், ஆலாக்கள் முட்டையிடுற இடம் அது. 2015இல அதையும் தேசியப் பூங்காவாக்கிட்டாங்கள்.

சத்து எண்டால் எல்லாச் சத்தும் நல்லதில்லை எண்டதையும் சேர்த்துச் சொல்ல வேணும். பறவை எச்சம் கொஞ்சம் கொஞ்சமா வாறது. கரையோர விடுதிக் கழிவுநீர் அப்படி இல்லை, அது பாசியைக் கட்டுமட்டில்லாமல் வளர்த்து முருகையை மூடிப்போடும்.

எலியும் காலும் ஒரு பக்கம். பெரிய அடி சூட்டில இருந்து வருது. முருகைக்குள்ள குடியிருக்கிற நுண்பாசிதான் அதுக்கு நிறத்தையும் சாப்பாட்டில பெரும்பங்கையும் குடுக்கிறது. கடல் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு பாகை கூடிக் கிழமைக்கணக்கில நிண்டால் முருகை அந்தப் பாசியை வெளியில தள்ளிப்போடும், வெள்ளையாகும். சூடு இறங்கினால் மீளும், இறங்காட்டில் பட்டினியில சாகும். 1998 எல்நினோச் சூட்டில ஹிக்கடுவையும் கற்பிட்டிப் பாரும் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பிச்சது. நாங்கள் இண்டைக்குப் புறாமலைக்குப் போய்ப் பார்க்க ஏதோ மிஞ்சியிருக்கு எண்டால் அந்த அதிர்ஷ்டத்தாலதான். ஆனா 2024 சித்திரையில நாலாவது உலகளாவிய வெளிறல் எண்டு அறிவிச்சாங்கள். அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டு இருக்கிற காலமில்லை.

வெளிறிச் செத்த பார் திரும்பி வருமா வராதா எண்டதைத் தீர்மானிக்கிறதில பாசி மேயிற மீனுக்குப் பெரிய பங்கு இருக்கு. கிளிமீன் போன்றதுகள் கல்லைச் சுரண்டிச் சுரண்டித் துப்புரவா வைச்சால்தான் புது முருகைக் குஞ்சு ஒட்டும். ஆகவே உவர்மலை அண்ணை, ஆக்களை மறிக்கிறதை விட ராவில வந்து கிளிமீன் குத்துற ஆக்களை மறிக்கிறது முக்கியம்.

பதிவு 6 | உவர்மலையான்

ராவில குத்துறவனை மறிக்க வேணும், பகலில மிதிக்கிறவனை விடலாம் எண்டு எந்தப் புத்தகத்தில இருக்கு? ரெண்டையும் மறியுங்கோ.

மற்றது, எலிக்கும் மூடுறதுக்கும் என்ன சம்பந்தம்?

பதிவு 7 | சாம்பல்தீவு ரீச்சர்

சோறுதான் சம்பந்தம். சனம் கொண்டு போற பார்சல்ல மிஞ்சிற சோறு எலிக்குத் தீனி.

பதிவு 8 | கிண்ணியா நானா

ரீச்சர் சொல்லுறது எங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். வாப்பா காலத்தில இருந்து எங்கட மீன் வாடியில எலி வலையைக் கடிச்சுப்போடும். வலைக் கும்பிக்குள்ள படுத்துக் கிடந்து வலையோட போட்டில ஏறும். ஃபைபர் போட்டில ஒளிக்க இடம் கிடையாது எண்டு நினைக்கிறாங்கள், முன் பலகைக்குக் கீழ கையை விட்டுப் பாருங்க தெரியும். புறாமலை கரையில இருந்து ஒரு கிலோமீற்றர் அளவு. எலி நீந்தத் தேவையில்லை, எங்களோட சவாரி வரும்.

என்ர பயம் எலியை விடக் காகம். காகத்துக்கு போட்டும் வேணாம். மிஞ்சின சோத்தை எறிஞ்சால் அது தினமும் வரும். வாற காகம் சோறு இல்லாத நாளில சும்மா இருக்குமா? கூட்டில கிடக்கிற முட்டையைத் தேடும். பூங்காக்காரர் ரிக்கெட் கிழிக்கிற இடத்திலேயே சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி வைச்சிட்டுத் திரும்பி வரக்க குடுத்தால் முடிஞ்சுது. ரெண்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் ஒருத்தரும் மவுத்தாக மாட்டாங்க. நோன்பு பிடிக்கிற நாங்க சொல்லுறம்.

பதிவு 9 | ஸ்காபரோ திருமலையான்

இங்க பனிக்குள்ள இருந்து வாசிக்கிறன். புறா எண்ட உடனே ஒரு விசயம் சொல்லாமல் இருக்க முடியேல்லை. மொரீசியசில இருந்த டோடோவும் புறாச் சாதிதான்! பறக்க மறந்து பெருத்துப் போன புறா. 2002இல மரபணுவைப் பார்த்து, இப்ப உயிரோட இருக்கிறதில அதுக்கு மிக நெருங்கின சொந்தம் நிக்கோபார் புறா எண்டு கண்டுபிடிச்சாங்கள். நிக்கோபார் எங்க இருக்கு? திருக்கோணமலையில இருந்து நேரே கிழக்கால, வங்காள விரிகுடாவுக்கு அங்கால. ஒல்லாந்தர் 1598இல மொரீசியசில இறங்கினாங்கள், நூறு வருசத்துக்குள்ள டோடோ இல்லை. மனிசர் அடிச்சுத் திண்டது கொஞ்சம்தான், கப்பல்ல வந்த எலி, பண்டி, குரங்கு நிலத்தில கிடந்த முட்டையைத் திண்டதுதான் முடிச்சு வைச்சது எண்டு சொல்லினம். ரீச்சர் சொன்ன அதே வழக்கு.

அப்படியே இன்னொண்டு. கோணேசர் மலையில நிண்டு பார்த்தால் நீலத் திமிங்கிலம் ஊதுறது தெரியும் எண்டு இங்க பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புதுகள் இல்லை. துறைமுக வாயிலயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குது, அதாலதான் அவ்வளவு கிட்ட வருது எண்டு ஆராவது விளக்கமா எழுதுங்கோவன். மற்ற நீலத் திமிங்கிலம் கனக்க துருவப் பக்கம் இரைக்குப் போக, எங்கட கடல்ல இருக்கிறது வருசம் முழுக்க இந்தச் சூட்டுத் தண்ணியிலேயே மேயுதாம், உண்மையா?

பதிவு 10 | நெறியாளர்

உண்மைதான். ஆனா திமிங்கிலத்துக்குத் தனி இழை இருக்கு, அங்க கேளுங்கோ. இது புறாமலை இழை. அதே கேள்வியைப் பற்றி இங்க வந்த மற்றப் பதிவுகளையும் அங்க மாற்றியிருக்கிறன்.

பதிவு 11 | கடல் படிக்கிறவன்

டோடோவை விடுவம், செத்தது செத்ததுதான். புறாமலைப் புறாவைப் பற்றி ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒண்டு இருக்கு. அது இன்னும் காட்டுப்புறாவா?

கோயில் கோபுரத்திலயும் சந்தைக் கூரையிலயும் நிக்கிற புறா, மனிசர் வளர்த்து விட்டதின்ர வழி. அதின்ர மூதாதைதான் பாறையில கூடு கட்டுற மாடப்புறா. இலங்கையில அந்தக் காட்டு வடிவம் முட்டையிடுற இடங்கள் மிகக் கொஞ்சம், அதில புறாமலை பேர்போனது. பிரச்சினை என்னவெண்டால் ரெண்டும் ஒரே இனம், கலந்தால் குஞ்சு வரும். கலந்து கலந்து காட்டு வடிவம் கரைஞ்சு போறது உலகம் முழுக்க நடக்கிறது. வெடிச் சத்தமும் இல்லை, செத்த உடலும் இல்லை, புறாக் கூட்டம் முந்தி மாதிரியே பறக்கும்.

அடையாளம் இதுதான்: முழுச் சாம்பல் உடம்பு, செட்டையில ரெண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில பச்சை ஊதா மினுக்கம். எங்கட பக்கத்து வடிவத்துக்கு முதுகின்ர கீழ்ப்பக்கமும் சாம்பல்தான், ஐரோப்பாப் புறா மாதிரி வெள்ளை இல்லை. வெள்ளைச் செட்டை, செம்மண் நிறம், செட்டை முழுக்கப் புள்ளி எண்டு கண்டால் வீட்டு இரத்தம் கலந்திட்டுது. போறவை சுறாவைப் படம் எடுக்கிற நேரத்தில கொஞ்சம் மேலயும் பார்த்து எடுங்கோ. பழைய படம் இருந்தாலும் போடுங்கோ, வருசத்தோட.

பதிவு 12 | நிலாவெளி வள்ளம்

இதை நான் யோசிச்சதில்லை. கரையில ஹோட்டல் கூரையில நிக்கிறதில வெள்ளையும் கிடக்கு, கலப்பும் கிடக்கு. புறாவுக்கு ஒரு கிலோமீற்றர் பறக்கிறது ஒரு வேலையா? கல்யாண வீட்டில புறா பறக்க விடுற ஆக்களும் இப்ப வந்திட்டினம். அந்தப் புறா எங்க போய் இருக்கும் எண்டு ஆர் பார்த்தது.

பழைய படம் என்ர மகன்ர போன்ல இருக்கும், கேட்டுப் பார்க்கிறன்.

பதிவு 13 | மூதூர்ப் பொடியன்

ஒரு சந்தேகம். இலங்கையே ஒரு தீவுதானே. சின்னத் தீவுக்குச் சொல்லுற நியாயம் பெரிய தீவுக்கும் பொருந்துமா?

பதிவு 14 | சாம்பல்தீவு ரீச்சர்

பாதி பொருந்தும். 1967இல மக்கார்தர், வில்சன் எண்ட ரெண்டு பேர் தீவின்ர பரப்பையும் தரையில இருந்து இருக்கிற தூரத்தையும் வைச்சு எத்தினை இனம் தங்கும் எண்டு ஒரு கணக்குப் போட்டாங்கள். இலங்கை பெரிசு, தூரமும் இல்லை. கடல்மட்டம் தாழ்ந்த பனியுகங்களில பாக்கு நீரிணை தரையாக் கிடந்து இந்தியாவோட சேர்ந்திருந்தது, அது ஒரு முறை இல்லை, பல முறை. அதால வறள் வலயத்து மிருகங்கள் பெரும்பாலும் அங்கயும் இருக்கு. பிரட்ரிக் கோட்டைக்குள்ள பொலித்தீன் திண்டு திரியிற எங்கட புள்ளிமானின்ர சொந்தம் தமிழ்நாட்டிலயும் இருக்கு.

ஆனா ஈரக் காட்டுத் தவளையும் நன்னீர் நண்டும் அந்தத் தரைப்பாலத்தை அவ்வளவாப் பயன்படுத்தேல்லை, வரண்ட வெளியைக் கடக்க அதுகளால ஏலாது. எங்கட நன்னீர் நண்டுகளில ஏறக்குறைய எல்லாமே வேற எங்கயும் இல்லாதது. அது தென்மேற்குக் காடுகளின்ர சொத்து. எங்கட பக்கத்துப் பற்றைக்காட்டில இந்த நாட்டுக்கே உரியதைப் பார்க்க வேணுமெண்டால் காட்டுக்கோழியும் சாம்பல் இருவாச்சியும் செங்குரங்கும் இருக்கு. செங்குரங்கைத் தேடிப் போகத் தேவையில்லை, அது தானாவே வீட்டுக் கூரைக்கு வரும்.

பதிவு 15 | உவர்மலையான்

கதை சுத்திச் சுத்தி எங்கயோ போகுது. நான் என்ர நிலையில இருந்து இறங்கேல்லை. ஆனா வள்ளம் அண்ணைக்காக ஒண்டு கேக்கிறன். மாயா குடா திறந்த பிறகு போட் குடாவுக்குள்ள வர ஏலாது, பின்பக்க மேடையில இறக்க வேணும். ஒரு நேரத்துக்கு இத்தினை பேர் எண்டு கணக்கு. வருசா வருசம் ரெண்டு மாசம் திரும்பவும் மூடுறாங்கள். அப்படியெண்டால் உங்களுக்குச் சரியா?

பதிவு 16 | நிலாவெளி வள்ளம்

ஒரு நேரத்துக்கு இத்தினை பேர் எண்டது சரி. காலமை ஒரு கூட்டம், அது திரும்பின பிறகு அடுத்த கூட்டம். எல்லாப் போட்டுக்கும் முறை வைச்சுப் பிரிச்சுக் குடுத்தால் சண்டையும் வராது. தெரிஞ்ச ஆளின்ர போட்டுக்கு மட்டும் எண்டு வந்தால் அடுத்த நாளே றோட்டில நிப்பம். மூடுறதெண்டால் வாடைக் காலத்தோட ஒட்டி ஒரு மாசம் கூட்டுங்கோ, ஆவணியில கை வையாதேங்கோ. ஆவணியில உழைச்சதிலதான் மார்கழியில அடுப்பு எரியுது.

பதிவு 17 | கடல் படிக்கிறவன்

எலிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. சின்ன அட்டையில கடலை வெண்ணெய் பூசி, மரத்தடியிலயும் கல் இடுக்கிலயும் குத்தி, ரெண்டு மூண்டு ராவுக்கு விட்டு எடுக்கிறது. பல் அடையாளத்தைப் பார்த்தால் எலி கடிச்சதா நண்டு கிள்ளினதா எண்டு தெரியும். பல தீவுகளில செய்யிற முறை இது. தேசியப் பூங்கா எண்டபடியா வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் ஒரு அட்டையும் வைக்கேலாது, அதை மறந்திடாதேங்கோ.

இருந்தால் என்ன செய்யிறது எண்டு கேப்பீங்கள். பசிபிக்கில பல்மைரா எண்ட முருகைத்தீவில 2011இல எலியை ஒண்டும் மிச்சமில்லாமல் ஒழிச்சாங்கள். மரக்கன்றுகள் குபீரெண்டு முளைச்சது ஒரு பக்கம். எதிர்பாராத விதமா ஆசியப் புலி நுளம்பும் அந்தத் தீவில இல்லாமல் போச்சு, அது எலி இரத்தத்திலதான் பிழைச்சிருக்கு. டெங்குப் பூமியில இருக்கிற எங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனா ஊருக்குள்ள அப்படி நடக்காது, இங்க கடிக்க நாங்கள் இருக்கிறம். எங்கட தீவு அதை விடப் பல மடங்கு சின்னன், ஒழிக்கிறது லேசு. திரும்ப வராமல் பார்க்கிறதுதான் பாடு, கரை அவ்வளவு கிட்ட.

பதிவு 18 | சாம்பல்தீவு ரீச்சர்

பாடசாலைச் சுற்றாடல் கழகத்தின்ர பேரில அனுமதிக் கடிதம் நான் எழுதுறன். அட்டை வெட்டுறது பிள்ளைகளின்ர வேலை. காட்டுப்புறாப் படம் சேர்க்கிறதையும் அதோட சேர்த்துக் கேக்கலாம், ஒரே கடிதம். கொண்டு போய் இறக்க ஒரு போட் வேணும்.

பதிவு 19 | நிலாவெளி வள்ளம்

ரீச்சர், போட் நான் தாறன், எண்ணெய்க் காசு மட்டும். காலமை ஆறரைக்குக் கரையில நிக்க வேணும். வெயில் ஏறக் கச்சான் காத்து எழும்பினால் திரும்பி வரக்க பிள்ளைகள் நனைஞ்சு போகும்.

பதிவு 20 | கிண்ணியா நானா

கடலை வெண்ணெய் இப்ப போத்தல் என்ன விலை தெரியுமா? எங்கட எலிக்குக் கருவாடே போதும். வள்ளம் அண்ணை, வெளிக்கிட முதல் உங்கட முன் பலகைக்குக் கீழயும் ஒரு அட்டை வைச்சுப் பாருங்க.